தண்ணீரை விற்காதே! விற்கவும் விடாதே!

ஆலத்தியூர் வட்டார விவசாயிகளுக்கு ஓர் அவசர வேண்டுகோள்

   

மரியாதைராமன் கதை உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான். ஒருத்தன் தன் கிணத்தை இன்னொருத்தனுக்கு வித்தான். வாங்கினவன் மறுநாள் தண்ணி இறைக்கப் போனா, "நான் வித்தது கிணத்தைத்தான், தண்ணியை விக்கலையே! தண்ணிக்குத் தனியா காசு கொடு"ன்னு மறிச்சான். வழக்கு மரியாதைராமன்கிட்ட போச்சு. அவர் சொன்னார்: "சரிப்பா, தண்ணி உன்னுதுதான். அவன் கிணத்துல உன் தண்ணியை எதுக்கு வச்சிருக்கே? இன்னைக்கே மொத்தத்தையும் எடுத்துட்டுப் போ. இல்லேன்னா கிணத்துக்கு வாடகை கொடு." வித்தவன் வாயை மூடிக்கிட்டுப் போனான்.

கிணறு வேற, தண்ணி வேறன்னு பிரிக்க முடியாதுங்கறது நம்ம பாட்டன் காலத்து நியாயம். இன்றைக்கு அதே ஏமாற்றுக்காரன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். "தண்ணீர் ஒரு பொருள். அதற்கு விலை உண்டு. வாங்கலாம், விற்கலாம். சந்தையைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் லாபம்" என்கிறான். தீர்ப்புச் சொல்லத்தான் மரியாதைராமன் இல்லை. ஆகவே நாமேதான் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

நம்ம ஊர்ப் பக்கமும் அந்தப் பேச்சு வந்தாச்சு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு, "அண்ணே, உங்க போர்ல நல்ல தண்ணி இருக்காமே? மக்காச்சோளம் போட்டு என்னத்தைக் கண்டீங்க? ராத்திரியில நாலு லாரி வரும், லோடுக்கு இவ்வளவுன்னு கையில காசு"ன்னு கேட்கிறார். மழை பொய்த்து, பருத்தி விலை இறங்கி, கூட்டுறவுக் கடன் கழுத்தை நெரிக்கும்போது அந்தக் காசு இனிக்கத்தான் செய்யும். அதனால்தான் இந்தத் துண்டறிக்கை.

சீமையில் திறந்த தண்ணீர்ச் சந்தை

இங்கிலாந்தில் 1989 இல் தண்ணீர் வாரியங்களையே தனியாருக்கு விற்றார்கள். பிறகு 2017 ஏப்ரல் மாதம் கடை, ஆலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று வீடு அல்லாத எல்லோரும் தண்ணீருக்கு எந்தக் கம்பெனியை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம் என்று சந்தையைத் திறந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் அதற்கு முன்பே 2008 இல் இது வந்துவிட்டது. எந்த வியாபாரியைப் பிடித்தால் பில் குறையும் என்று முதலாளிகளுக்கு ஆலோசனை சொல்வதற்கே தனித்தனி ஆட்கள் கிளம்பினார்கள்.

இதில் மாறியது என்ன தெரியுமா? குழாய் அதே குழாய். ஆறு அதே ஆறு. வருகிற தண்ணீரும் அதே தண்ணீர். பில் போடுகிற ஆள் மட்டும் மாறினான். சாதாரண வீட்டுக்காரனுக்கு அந்தத் தேர்வும் கிடையாது. லண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் தேம்ஸ் வாட்டர் கம்பெனியின் கடன் 2024 இல் 1500 கோடி பவுண்டைத் தாண்டியது. கழிவுநீரை ஆற்றில் விட்டதற்கும், பங்குதாரர்களுக்கு முறையில்லாமல் லாபத்தைப் பிரித்துக் கொடுத்ததற்கும் 2025 மே மாதம் 12 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டார்கள். வருஷம் முழுக்க மழை பெய்கிற சீமையிலேயே இந்த லட்சணம்!

மழை குறைந்த நாட்டில் சந்தையைத் திறந்தால் என்ன ஆகும்? தென் அமெரிக்காவில் சிலி நாட்டைப் பாருங்கள். 1981 இல் ராணுவ ஆட்சி ஒரு சட்டம் போட்டு நிலத்திலிருந்து தண்ணீர் உரிமையைத் தனியே பிரித்தது. நிலம் ஒருவனுக்கு, தண்ணீர் இன்னொருவனுக்கு! மரியாதைராமன் கதையில் வந்த ஏமாற்றுக்காரனின் வாதத்தை அங்கே சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். பெட்டோர்கா என்கிற பகுதியில் பெரும் பண்ணைகளின் ஏற்றுமதிப் பழத்தோட்டங்கள் மலைச் சரிவில் பச்சைப் பசேலென்று நின்றன. கீழே ஆறு காய்ந்து, கிராமத்து ஜனங்கள் குடிதண்ணிக்கு லாரியை எதிர்பார்த்து நின்றார்கள். முதலில் மனுஷனுக்குக் குடிதண்ணி, பிறகுதான் மற்றதெல்லாம் என்று அந்தச் சட்டத்தைத் திருத்த 2022 வரை 41 வருஷம் ஆனது.

திருப்பூரில் நடந்தது என்ன?

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று சொல்லாதீர்கள். நம்ம தமிழ்நாட்டுத் திருப்பூருக்கு வாருங்கள்.

பனியனுக்குச் சாயம் போடத் தண்ணீர் வேண்டும். முதலில் சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனது. வித்தவன் விவசாயிதான். அது போதாமல், அரசும் தனியாரும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனியை உருவாக்கின. 2000 இல் அதற்கு 30 வருஷ ஒப்பந்தம். பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம். சுமார் 1000 கோடி ரூபாய் செலவு. 2006 இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். ஆலைகள் கூடுதலாகக் கொடுக்கும், அதை வைத்து ஊர் ஜனங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு என்ன ஆச்சு? எதிர்பார்த்த அளவுக்கு ஆலைகள் தண்ணீர் வாங்கவில்லை. சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கம்பெனி கடனில் தள்ளாடியது. அதன் முக்கியப் பங்குதாரரான ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமே 2018 இல் நொடித்துப் போனது.

சாயப்பட்டறை முதலாளிக்குத் தேர்வு இருந்தது. லாரித் தண்ணீர் மலிவா, கம்பெனித் தண்ணீர் மலிவா, பழைய தண்ணீரையே சுத்தம் செய்து ஓட்டலாமா என்று பார்த்துக்கொண்டான். நொய்யல் கரை விவசாயிக்கு என்ன தேர்வு இருந்தது? பாசனத்துக்காக 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நிரம்பியது. அதைத் திறந்துவிட்டாலும் சாவு, மூடி வைத்தாலும் சாவு. கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, தென்னை கருகி, மாடும் வாய் வைக்காத நிலை. அந்த விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அவர்கள் பக்கம் நின்று, கெடுத்தவன்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும் என்றது. தனியாளாக நின்றிருந்தால் இது நடந்திருக்குமா?

நம்ம ஏக்கருக்குக் கணக்கு போடுவோம்

கையில பென்சில் எடுங்க. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர் தண்ணீர் பாய்கிறது. திருப்பூர் ஆலைக்குப் போட்ட அதே 45 ரூபாய் விலையை நமக்கும் போட்டால் 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய்! சொட்டுத் தண்ணியில விளையற கடலைக்கே ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் வைத்தாலும் 90 ஆயிரம் ரூபாய். அந்த விலை கொடுத்துத் தண்ணி வாங்கி எந்த மகராசன் நெல் விளைவிப்பான்? தண்ணீருக்குச் சந்தை விலை என்று வந்த அன்றைக்கே விவசாயி அந்தச் சந்தையிலிருந்து வெளியே தள்ளப்படுவான். ஏலத்தில் நம்மால் ஆலைக்காரனோடு போட்டி போட முடியாது.

இன்னொரு கணக்கு. 12 ஆயிரம் லிட்டர் லாரி ஒரு நாளைக்கு 20 லோடு அடித்தால் 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். இருபதே நாளில் 48 லட்சம் லிட்டர். அதாவது ஒரு ஏக்கர் நெல் ஒரு போகம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர், இருபது நாளில் நம்ம ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விடும். வயலில் பாய்ந்தால் கொஞ்சமாவது திரும்ப மண்ணில் இறங்கும். லாரியில் போனது திரும்பி வருமா? பிறகு அதே தண்ணீரை லிட்டர் 20 ரூபாய் பாட்டிலாக நம்ம பெட்டிக்கடையிலேயே தொங்கவிடுவான். ஆயிரம் லிட்டருக்கு 20 ஆயிரம் ரூபாய்! வித்தவன் நாம, வாங்குறவனும் நாம!

நிலம் இல்லாத நம்ம சனங்களையும் நினைத்துப் பாருங்கள். போர் வைத்திருப்பவனுக்குத் தண்ணீர்க் காசு கிடைக்கும். நடவுக்கும் களைவெட்டுக்கும் பருத்தி எடுக்கவும் போன பெண்களுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஆடு மாடு எங்கே தண்ணி குடிக்கும்?

சட்டம் யார் பக்கம்?

1882 ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் காலச் சட்டப்படி, நிலம் யாருடையதோ அதன் அடியில் உள்ள தண்ணீரை எடுக்கும் உரிமையும் அவனுக்கே. ஏற்றம் வைத்தும் கவலை கட்டியும் இறைத்த காலத்தில் அது சரி. மாடு இழுக்கிற அளவுக்கு மேல் யாரும் எடுக்க முடியாது. இன்றைக்கு ஆயிரம் அடி போர் போட்டு சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கினால்? நாலு ஏக்கர் வாங்கினவன் நாற்பது ஏக்கர் ஊத்தை உறிஞ்சிவிடுவான். பூமிக்கு மேலேதான் வரப்பு இருக்கு, பூமிக்கு அடியில வரப்பு ஏது?

நம்ம மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டினால் சுற்றியுள்ள ஊத்து அந்தப் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். அதை மோட்டார் வைத்து வெளியேற்றினால் பக்கத்துக் கிணறு இறங்கும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கிணறு வெட்டின எந்த ஒட்டரும் சொல்வார்.

தமிழ்நாட்டில் 2003 இல் நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. பத்து வருஷம் அது நடைமுறைக்கே வரவில்லை. 2013 இல் ரத்து செய்துவிட்டார்கள். 2014 இல் ஓர் அரசாணை போட்டார்கள். மகாராஷ்டிரத்திலோ 2005 இலேயே ஆணையம் அமைத்து, தண்ணீரைப் பங்கு போட்டு அந்தப் பங்கைக் கைமாற்றவும் சட்டத்தில் வழி வைத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் 1998 இல் இன்றைய சத்தீஸ்கரில் சிவநாத் ஆற்றின் சுமார் 23 கிலோமீட்டர் நீளத்தை ஒரு தனியார் கம்பெனிக்கு 22 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். கரையோர மீனவனும் விவசாயியும் தலைமுறை தலைமுறையாக இறங்கிய ஆற்றில் இறங்கக் கூடாது என்றார்கள். 2025 ஜூன் மாதம் விவசாயிகள் எடுக்கும் நிலத்தடி நீருக்கும் வரி வரப்போகிறது என்று செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பியது. அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று மத்திய அரசு மறுத்தது. நல்லது. ஆனால் மறுத்த வாய் நாளைக்கு மாறாமல் இருக்க நாம் விழித்திருக்க வேண்டும். இலவச மின்சாரமே அப்படித்தானே? 2003 இல் பறித்தார்கள், 2004 இல் திரும்பக் கொடுத்தார்கள். ஓட்டுப் பெட்டியில் விழுந்த அடிக்குப் பயந்துதான் கொடுத்தார்கள்!

குற்றம் நம்ம மேலயும் இருக்கு

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. அண்ணன் 300 அடி போர் போட்டா தம்பி 600 அடி போடறான். அதைப் பார்த்து பங்காளி 900 அடி போடறான். பாறையைத் துளைச்ச காசுக்கு வட்டி கட்டியே மூணு குடும்பமும் அழியுது. ஏரிக்கு வர வேண்டிய வரத்து வாய்க்காலை ஓரமா ஓரமா வெட்டிச் சேர்த்துக்கிட்டது யாரு? வெளியூர்க்காரனா? ராத்திரி லாரிக்கு மோட்டார் போட்டுவிடறதும் நம்ம ஆளுதான். "என் போர், என் தண்ணி, கேட்க நீ யாரு?" என்று நாம் பேசினால், நாளைக்கு நம்ம ஊரில் நாலு ஏக்கர் வாங்குகிற கம்பெனிக்காரனும் அதே வசனத்தைத்தான் பேசுவான். அப்போது நம்ம வாயில் பதில் இருக்காது.

ஆகவே சங்கத்தின் நிலை இதுதான்: தண்ணீர் கம்பெனிக்கும் சொந்தமில்லை, தனி ஆளுக்கும் சொந்தமில்லை. குடிக்கவும் விளைவிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஊரைத் தாண்டி விற்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

புரோக்கர் வந்தால் கேளுங்கள்!

சீமை முதலாளிகளுக்கு வியாபாரியைத் தேர்ந்தெடுக்கப் பாடம் எடுக்கிறார்களே, நாமும் சில கேள்விகளை வைத்துக்கொள்வோம்.

1. ஒரு நாளைக்கு எத்தனை லோடு? அதை அளப்பது யார்? மீட்டர் எங்கே?
2. பக்கத்துக் கிணறு வற்றினால் நஷ்டஈடு தருவது நீயா, நானா?
3. என் சர்வீஸ் விவசாயத்துக்காகக் கொடுத்த இலவச மின்சாரம். அதில் தண்ணீர் இறைத்து விற்றேன் என்று மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தால் நீ வந்து நிற்பாயா?
4. கையெழுத்துக் கேட்கிற பேப்பரில் எத்தனை வருஷக் குத்தகை? தமிழில் எழுதியிருக்கிறதா?
5. என் போர் வற்றினால் அடுத்து எந்த ஊருக்குப் போவாய்?

ஐந்தாவது கேள்விக்கு அவர் பதில் சொல்ல மாட்டார். அவருக்கு அடுத்த ஊர் இருக்கிறது. நமக்கு இந்த ஒரு ஊர்தான்.

ஒரு பஞ்சாயத்து செய்து காட்டியது

"பஞ்சாயத்துத் தீர்மானத்தால என்ன ஆகப்போவுது?" என்று சலித்துக்கொள்கிறீர்களா? கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் 2000 இல் கொக்கோகோலா ஆலை வந்தது. கிணறுகள் இறங்கின, தண்ணீர் கெட்டது. 2002 ஏப்ரலில் ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2003 இல் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலைக்கு லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு நடந்தது. நிலத்தடி நீர் மக்கள் சொத்து என்று உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி சொன்னார். 2005 இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல் ஆலைக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனாலும் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி ஓடவே இல்லை. உலகம் முழுக்கக் கடை விரித்தவனை ஒரு பஞ்சாயத்தும் நாலு தெருப் பெண்களும் நிறுத்திக் காட்டினார்கள். கெட்டுப்போன கிணறுகளுக்கு நஷ்டஈடு கேட்டு அவர்கள் நெடுங்காலம் அலைய நேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கெட்ட பிறகு அலைவதைவிட வெள்ளம் வருமுன் அணை போடுவதே புத்தி.

நமக்கும் கிராம சபை இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கும் தமிழ்நாட்டில் கிராம சபை கூட்ட வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரும் பழக்கத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கு இரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக வந்து உட்காருங்கள். கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக்கி, மினிட் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.

நமது கோரிக்கைகள்

1. ஊராட்சி எல்லைக்குள்ளிருந்து வியாபாரத்துக்காக லாரியில் தண்ணீர் எடுத்துச் செல்வதைத் தடை செய்ய வேண்டும்.
2. சுரங்கமும் ஆலையும் நாள்தோறும் எடுக்கும் தண்ணீரை மீட்டர் வைத்து அளந்து, மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும்.
3. சுரங்கக் குழியிலிருந்து வெளியேற்றும் தண்ணீரைப் பரிசோதித்து, நல்ல தண்ணீராக இருந்தால் விலையில்லாமல் ஏரி குளங்களில் விட வேண்டும்.
4. ஏரி, குட்டை, வரத்து வாய்க்கால்களை அளந்து கல் நட்டு, ஆக்கிரமிப்பு யாருடையதாக இருந்தாலும் அகற்ற வேண்டும். முதலில் சங்கத்து ஆட்களுடையதை அகற்றுவோம்.
5. விவசாயி பாசனத்துக்கு எடுக்கும் தண்ணீருக்கு எந்தப் பெயரிலும் வரியோ கட்டணமோ கூடாது. இலவச மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது.
6. தண்ணீரை வாங்கவும் விற்கவும் வழி செய்யும் எந்தச் சட்டத்தையும் கிராம சபைகளைக் கேட்காமல் கொண்டுவரக் கூடாது.

யார் எவ்வளவு எடுக்கிறார்கள், யாருக்கு அனுமதி இருக்கிறது என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதித் தருகிறோம். காசு வாங்க மாட்டோம்.

விவசாயப் பெருமக்களே! நிலத்தை அடமானம் வைத்தால் மீட்டுவிடலாம். நகையை வைத்தால் மீட்டுவிடலாம். ஊத்தை வித்தால் மீட்க எந்தப் பேங்கும் கடன் தராது. கட்சி, சாதி, தெரு பார்க்காமல் கிராம சபைக்கு வாருங்கள்!

தண்ணீர் வியாபாரத்தை முறியடிப்போம்!
ஏரியைக் காப்போம்! ஊத்தைக் காப்போம்!
ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
ஆலத்தியூர்.

(படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.)